ஒலிபெருக்கி காப்பாற்றியதா, ஊர் காப்பாற்றியதா?

இயற்கைச் சீற்றங்களைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். புயல் எப்படி உருவாகிறது, நிலம் ஏன் நடுங்குகிறது என்று விளக்குபவை ஒருவகை. அரசு என்னென்ன செய்யவேண்டும் என்று பட்டியலிடுபவை மற்றொரு வகை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும் நூல் அரிது. அமெரிக்க அரசியலறிவியல் பேராசிரியர் டேனியல் ஆல்ட்ரிச் எழுதி, 2012இல் சிக்காகோ பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'பில்டிங் ரெசிலியன்ஸ்' அத்தகைய அரிய நூல்களில் ஒன்று. 'மீண்டெழும் வலிமையை வளர்த்தல்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

பேரிடரில் சிதைந்த ஓர் ஊர் விரைவில் மீண்டெழுகிறது. அதே அளவு சிதைந்த மற்றோர் ஊர் எழாமலே போகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பணமா? அரசின் உதவியா? சேதத்தின் அளவா? இவற்றைவிட, அவ்வூர் மக்கள் ஒருவரோடொருவர் கொண்டுள்ள உறவே முதன்மையான காரணம் என்பது நூலாசிரியரின் விடை. இதை நிறுவ அவர் நான்கு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கிறார். 1923ஆம் ஆண்டின் டோக்கியோ நிலநடுக்கம், 1995ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கம், 2004ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, 2005ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா சூறாவளி ஆகியவையே அவை.

மூன்றாவது நிகழ்ச்சி நம்முடையது. ஆகவே இந்நூலைப் படிக்கவும், அது சொல்வதை நம் மண்ணில் வைத்துச் சோதிக்கவும் நமக்குத் தனி உரிமை உண்டு. புதுச்சேரியில், அதிலும் மேட்டுப்பாளையம் போன்ற ஒரு பகுதியில் வாழ்பவருக்கு இந்நூல் எந்த அளவுக்குப் பயன்படும்? எந்த இடத்தில் அவரைக் கைவிட்டுவிடும்? இவற்றை இங்கே காண்போம்.

நூல் சொல்வது என்ன?

ஆசிரியர் இந்த ஆராய்ச்சிக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. 2005 ஜூலையில் அவர் பல்கலைக்கழகப் பணிக்காகக் குடும்பத்தோடு நியூ ஆர்லியன்சில் குடியேறினார். ஆகஸ்டு 29இல் கத்ரீனா தாக்கியது. கரைகள் உடைந்தன. அவருடைய வீடு வெள்ளத்துக்கு இரையாயிற்று. அரசும் காப்பீட்டு நிறுவனமும் கைகொடுக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் முதலில் ஓடி வந்தவர்கள் நண்பர்களும் அறிந்தவர்களுமே. சொந்த அனுபவத்தில் பிறந்த ஐயத்தை அவர் அப்படியே கொள்கையாக்கிவிடவில்லை. பிற நாடுகளுக்குச் சென்று, புள்ளிவிவரங்களைத் திரட்டிச் சோதித்தார். அறிவியலாளருக்குரிய இப்பண்பைப் பாராட்ட வேண்டும்.

மக்களிடையே உள்ள உறவுகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். உற்றார், ஒரே சாதியார், ஒரே தொழிலார் ஆகியோரிடையே உள்ள நெருக்கத்தை உள்ளுறவு எனலாம். தொழிலோ மதமோ மொழியோ வேறுபட்ட பிறரோடு கொள்ளும் பழக்கத்தை இடையுறவு எனலாம். அதிகாரிகள், நிறுவனங்கள் ஆகியோரை எட்டக்கூடிய தொடர்பை மேலுறவு எனலாம். மூன்றும் சேர்ந்ததையே சமூகவியலார் 'சமூக மூலதனம்' என்று குறிப்பிடுகின்றனர்.

கோபே நகரைப் பற்றிய அதிகாரம் இதற்கு நல்ல சான்று தருகிறது. 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணிக்கு நிலம் நடுங்கிற்று. 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல இடங்களில் தீப்பற்றியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயணைப்பு வண்டிகள் செயலற்று நின்றன. நாகத்தா வட்டத்தில் மானோ, மிக்குரா என இரண்டு குடியிருப்புகள் உள்ளன. மானோ மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி நெருப்பை அணைத்தனர். மிக்குராவிலோ மக்கள் ஒன்றுசேர முடியாமல் நிற்க, பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று.

மானோவுக்கு மட்டும் இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? அது சிறு தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. 1960களில் அங்கே ஆலைப்புகையும் அசுத்தமும் தாங்கமாட்டாத நிலை வந்தபோது மக்கள் ஒன்றுகூடிப் போராடினர். போராட்டம் முடிந்தபின்னும் கூடிப் பேசும் பழக்கம் நின்றுவிடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து நெருப்பு வந்தபோது அந்தப் பழக்கமே வாளி வரிசையாக மாறியது. அவர்களோடு சேர்ந்து நெருப்பை அணைத்ததில் அப்பகுதி ஆலை ஒன்றின் தீயணைப்புக் குழுவுக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஆலைகளை எதிர்த்துக் கூடிய ஊர், ஆபத்துக் காலத்தில் ஆலையோடு கைகோத்து நின்றது. இந்தச் செய்தியை மேட்டுப்பாளையத்தார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அளவுகோலில் உள்ள குறை

உறவைக் கண்ணால் காண முடியாது. ஆகவே அதை அளக்க ஏதேனும் ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. ஆல்ட்ரிச் டோக்கியோவிலும் நியூ ஆர்லியன்சிலும் தேர்தலில் வாக்களித்தோரின் விகிதத்தை ஓர் அடையாளமாகக் கொள்கிறார். கோபேயில் தன்னார்வ அமைப்புகளின் எண்ணிக்கையையும், தமிழ்நாட்டில் திருமணம், இறுதிச் சடங்கு போன்றவற்றில் மக்கள் கலந்துகொள்வதையும் எடுத்துக்கொள்கிறார்.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வாக்குச்சீட்டு சொல்லும் செய்தி எல்லா ஊருக்கும் ஒன்றன்று. புதுச்சேரியில் 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவாயிற்று. இந்த அளவுகோலின்படி புதுவையின் ஒவ்வொரு தெருவும் உறவில் செழித்திருக்க வேண்டும். மாடிப்பகுதியில் தனியே வாழும் மூதாட்டிக்குப் படியிறங்க முடியுமா என்பது கீழ்வீட்டாருக்குத் தெரியுமா? வாக்கு விகிதம் இதைச் சொல்லாது. ஒரே நகருக்குள் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிடவே ஆசிரியர் இதைப் பயன்படுத்துகிறார் என்பது உண்மை. ஆயினும் நூலைப் படித்து முடிப்பவர் தம் தெருவை அளக்க முற்பட்டால் இந்தக் கோல் உதவாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஜப்பானில் 1925 வரை குறிப்பிட்ட அளவு வரி செலுத்திய ஆண்களுக்கே பொதுத்தேர்தலில் வாக்குரிமை இருந்தது. பெண்களுக்கு இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே அது கிடைத்தது. ஒரு தெருவில் யார் யார் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு எப்போது பிரசவம் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. பழைய டோக்கியோவை வாக்கைக் கொண்டு அளக்கும்போது, உறவின் பெரும்பகுதியைத் தாங்கி நின்றவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

இத்தகைய அறிவு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கும் 1995ஆம் ஆண்டின் அதே நிலநடுக்கத்தில் சான்று உண்டு. அதன் மையம் கடலுக்கடியில் அவாஜி தீவை ஒட்டி இருந்தது. அத்தீவின் ஹொக்குடான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பேர் இடிபாடுகளுக்குள் சிக்கினர். அவ்வூர்த் தன்னார்வத் தீயணைப்பாளரும் அண்டை வீட்டாரும் அன்றே அவர்களை வெளியே எடுத்துவிட்டனர். எந்த வீட்டில் எந்த அறையில் யார் உறங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

நூல் முக்கியமாக அளப்பது மீட்சியை. அதாவது, பேரிடருக்குப் பின் வரும் மாதங்களையும் ஆண்டுகளையும். உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் தீர்மானமாவதோ முதல் ஒரு மணி நேரத்தில். அந்த முதல் மணி நேரத்தைப் பற்றி அறிய நாம் புதுச்சேரியின் கடற்கரைக்கே போகலாம்.

நல்லவாட்டில் நடந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமாத்திராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. அங்கே எழுந்த அலை வங்கக் கடலைக் கடந்து நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது.

இந்த வேகத்தை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஆழிப்பேரலையின் வேகம் கிடைக்கும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர். அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கும் மேல். ஆழம் 10 மீட்டராகக் குறையும் கரையோரத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர்தான். வேகம் குறையக் குறைய அலையின் உயரம் கூடுகிறது. இரண்டரை மணி நேரம் என்பது ஓர் ஊர் முழுவதும் நடந்தே தப்பிப்பதற்குப் போதுமான நேரம். ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் அது செயற்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சேரி ஆட்சிப்பகுதியிலும் சுமார் 600 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர்.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊரான நல்லவாட்டில் 3,600 பேர் வாழ்ந்தனர். அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். சுனாமிச் செய்தியை அறிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, எல்லோரையும் ஓடச் சொன்னார். வீட்டார் ஊருக்குச் சொன்னார்கள். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அமைந்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அதில் ஒலிபெருக்கி இருந்தது. மையம் பூட்டியிருந்தது. மக்கள் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊர் காலியாயிற்று. 150 வீடுகள் வரை அழிந்தன, உயிர்ச்சேதம் இல்லை.

இந்நிகழ்ச்சி உலகெங்கும் சொல்லப்பட்டது. சொன்னவர்களிற் பலர் இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே சொன்னார்கள். தொலைபேசியும் ஒலிபெருக்கியும் ஓர் ஊரைக் காத்தன என்றார்கள். அது முழு உண்மையாகுமா?

ஒலிபெருக்கி இல்லாத ஊர் தமிழகத்தில் ஏது? கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் அது முழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து வரும் குரலைக் கேட்டு, சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுவதற்கு மனிதர்கள் துணிய வேண்டும். அந்தத் துணிவுக்குப் பின்னால் ஆறு ஆண்டு வரலாறு இருந்தது. 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு அந்நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் இம்மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்களில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயர முன்னறிவிப்பைக் கணினி வழியே பெற்று, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தனர். அறிவிப்பைக் கேட்டுவிட்டு மீனவர் கடலுக்குப் போவார். கடலில் அலை எப்படி இருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். அறிவிப்பு மெய்யா பொய்யா என்பது அவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

கடைத் தராசை நம்புவதற்கு முன் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை அறிந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறோம். இதையே அளவுத்திருத்தம் என்கிறோம். மீனவர் ஊர்களில் அந்தக் குரலுக்கு அத்தகைய அளவுத்திருத்தம் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. சாதாரண நாள்களில் நூறுமுறை சோதிக்கப்பட்ட குரலை, அசாதாரணமான நாளில் மக்கள் ஒரே தடவையில் நம்பினார்கள். ஊரைக் காத்ததில் இந்த நம்பிக்கைக்கே பெரும்பங்கு என்பது என் கருத்து. ஆல்ட்ரிச் உறவு இருக்கிறதா இல்லையா என்று அளக்கிறார். பயன்படும் செய்தியை நாள்தோறும் பகிர்வதாலேயே உறவை உண்டாக்க முடியும் என்பது நல்லவாடு தரும் கூடுதல் பாடம்.

ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து விதி வகுக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இருந்தவர் அன்று செய்தியைக் கவனியாமல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். பூட்டிய கதவையும் மறக்கலாகாது. உயிர் காக்கும் கருவி பூட்டிய அறைக்குள் இருந்தது. அன்று கதவை உடைக்க ஆட்கள் இருந்தார்கள், நேரமும் இருந்தது. நம் தெருவில் தீயணைப்புக் கருவியோ ஏணியோ படகோ எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது.

உறவுக்கு மறுபக்கமும் உண்டு

இந்நூலின் சிறந்த பகுதி, தன் கொள்கைக்கு எதிரான சான்றுகளையும் அது மறைக்காமல் காட்டுவதுதான். 1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோ நடுங்கி எரிந்தபோது, கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவிற்று. அண்டை அயலார் சேர்ந்து அமைத்த தற்காப்புக் குழுக்கள் கையில் கிடைத்த ஆயுதங்களோடு தெருவுக்கு வந்தன. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டனர். கொலை செய்தவர்கள் தமக்குள் ஒற்றுமையானவர்களே. உள்ளுறவு வலுத்து இடையுறவு இல்லாத இடத்தில் ஒற்றுமையே ஆபத்தாகிவிடுகிறது.

தமிழ்நாட்டைப் பற்றிய அதிகாரம் 60க்கும் மேற்பட்ட கடலோர ஊர்களை ஆராய்கிறது. மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த இடங்களில் நிவாரணமும் வீடுகளும் விரைந்து வந்தன. தொண்டு நிறுவனங்களோடு பேசவும், யாருக்கு என்ன இழப்பு என்று பட்டியல் கொடுக்கவும் பஞ்சாயத்தாரால் முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர்களும் இருந்தார்கள். தலித் மக்கள், கணவரை இழந்த பெண்கள், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோர் பல இடங்களில் விடுபட்டனர். பட்டியல் எழுதும் கை யாருடையது என்பது, பட்டியலில் யார் இருப்பார் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

நோயை இவ்வளவு தெளிவாகக் கண்டறிந்த ஆசிரியர், மருந்தைச் சொல்லும் இடத்தில் தயங்குகிறார். கூட்டங்கள் நடத்துவது, உதவிக்கு ஈடாக உதவியைக் கணக்கு வைத்துக்கொள்ளும் சமூகப் பணம் போன்ற திட்டங்களை அவர் பரிந்துரைக்கிறார். இவை நல்ல யோசனைகளே. ஆனால் விடுபட்டவர்களைப் பட்டியலுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதற்கு இவற்றில் தெளிவான வழி இல்லை. புதுச்சேரித் தகவல் மையங்கள் தொடங்கப்பட்டபோது, ஊரார் இடம் தரவேண்டும், அந்த இடத்துக்குச் சாதி வேறுபாடின்றி எல்லோரும் வந்துபோக முடியவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. சிறிய நிபந்தனைதான், ஆயினும் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. பின்னால் திருத்துவதைவிட முன்னால் விதிப்பது எளிது.

வங்காளதேசத்தின் அனுபவமும் இங்கே துணை செய்கிறது. 1970ஆம் ஆண்டுப் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டனர். அதன்பின் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர். கைக்கொடி, கையால் சுழற்றும் சங்கு, ஒலிபெருக்கி ஆகியவையே அவர்களின் கருவிகள். 1991ஆம் ஆண்டுப் புயலில் மாண்டவர்களில் பெண்கள் மிகுதி. எச்சரிக்கை சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்குச் செய்தி எப்படிச் சேரும்? இன்று அத்தன்னார்வலர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

மேட்டுப்பாளையத்துக்கு என்ன பயன்?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் கடற்கரை ஊரன்று. பிப்டிக் நிறுவனத்தின் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. லாரி முனையம் இருக்கிறது. வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியிருப்போர் தொழிற்பகுதிகளில் மிகுதி. நல்லவாட்டைப் போல எல்லோரும் எல்லோரையும் பிறந்தநாள் முதல் அறிந்திருக்கும் இடமல்ல. ஊர்ப் பஞ்சாயத்தும் இல்லை. ஆல்ட்ரிச்சின் கணக்குப்படி உள்ளுறவு குறைந்த இடம். ஆனால் பலதரப்பட்டவரும் அருகருகே வாழ்வதால், இடையுறவுக்கு இங்கேதான் வாய்ப்பு அதிகம்.

ஆபத்து இங்கே இரண்டு வழியில் வரலாம். ஒன்று நீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்தபின் விலகிச் செல்லாமல் பல மணி நேரம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது. அதனால் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. குடியிருப்புகளில் சிக்கியவர்களை மீட்க இராணுவம் வரவேண்டியதாயிற்று. புயல் வரும் என்ற செய்தி முன்கூட்டியே எல்லோருக்கும் கிடைத்திருந்தது. மழை இவ்வளவு பெய்யும் என்பதும், தம் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதுமே தெரியாதிருந்தன.

மற்றொன்று நெருப்பும் நச்சுவாயுவும். 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவு கழிந்த வேளையில் மெத்தில் ஐசோசயனேட்டு கசிந்தபோது, ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவும். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும் என்ற எளிய செய்தி அவர்களுக்கு முன்னமே சொல்லப்பட்டிருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும். அவ்விபத்தின் படிப்பினையாக வந்த சட்டங்களுள் 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகளும் சேரும். அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் தொழிற்பகுதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் மட்டுமன்றி, உள்ளூர் மருத்துவர்கள், சமூகத் தொண்டர்கள், சரக்கு வண்டி நடத்துவோர் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தவேண்டும். இவ்விதிகளின் வரம்புக்குள் வராத சிறு பட்டறைகளிலும் பெயிண்ட், கரைப்பான், எரிவாயு உருளை ஆகியவை இருக்கத்தான் செய்கின்றன. மானோவின் மக்கள் தம் பகுதி ஆலையோடு பேசிப் பழகியிருந்தார்கள். தொழிற்பேட்டையின் வேலிக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது வாளி வரிசைக்கு முதற்படி.

மேலுறவில் புதுச்சேரிக்கு ஒரு தனிக்குறை நேர்ந்தது. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடைபெறவில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2024இல் ஃபெஞ்சல் வந்தபோதும், 'எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது' என்று சொல்லி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசம், மாநிலம், மாவட்டம் என்று ஆணையங்களை அமைத்து, உள்ளாட்சிகளுக்கும் கடமைகளை வகுக்கிறது. ஏணியின் கடைசிப் படி ஆளில்லாமல் இருந்தால் தெருவிலிருப்பவரின் குரல் மேலே ஏறுவது எப்படி? உறவை மக்களின் பண்பாகவே பார்க்கும் நூல், ஆட்சியமைப்பு அதை அறுக்கவும் கூடும் என்பதற்குப் போதிய இடம் தரவில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியது

ஆகவே நூலைக் குறைகூறுவதோடு நில்லாமல், அது விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ஒரு தெருவுக்கு நல்லவாட்டின் அளவுத்திருத்தத்தை எப்படிக் கொண்டுவருவது?

நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைக்கவும். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கவும். அதுவே அன்றைய மழையளவு. தெருமுனையில் ஒரு கரும்பலகையில் அதை எழுதவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். 45 செ.மீ. மழை 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 45,000 லிட்டர். இத்தனை மழைக்கு நம் வாய்க்காலில் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியது என்பதையும் பக்கத்தில் குறித்து வந்தால், இரண்டு மழைக்காலத்தில் அந்தப் பலகை தெருவின் சொந்த முன்னறிவிப்பாகிவிடும். மின்தடை நேரத்தையும், குடிநீர் வரும் நேரத்தையும், தமிழ் அறியாத தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும், அதிலேயே எழுதலாம். நாள்தோறும் பார்க்கும் பலகையை மக்கள் புயலன்றும் பார்ப்பார்கள்.

அடுத்தது செய்திச் சங்கிலி. ஒருவர் மூவருக்குச் சொல்ல, அவர் ஒவ்வொருவரும் மூவருக்குச் சொன்னால், நான்கே படிகளில் 120 பேருக்குச் செய்தி சேரும். ஆனால் முதற்படியில் உள்ள மூவரில் ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் 40 பேர் விடுபடுவர். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு வழியாகச் செய்தி வருமாறு அமைக்கவேண்டும். கைத்தொலைபேசியின் மின்கலம் தீர்ந்தாலும் நடந்துபோய்க் கதவைத் தட்டும் தொலைவில் இரண்டாமவர் இருக்கவேண்டும்.

மூன்றாவது ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர், எங்கே இன்சுலின் குளிரில் வைக்கப்படுகிறது, எவருடைய மாடியில் பத்துப்பேர் ஒதுங்கலாம், ஏணியும் கயிறும் எங்கே உள்ளன, சாவி எந்த இருவரிடம் உள்ளது என்பவை அதில் இருக்கட்டும். அவரவர் விரும்பித் தருவதை மட்டுமே எழுதவேண்டும். அதை எழுதுபவர்களில் ஒரு பெண்ணும், ஒரு வாடகைக் குடித்தனக்காரரும், வெளியூரிலிருந்து வந்த ஒருவரும் இருக்கவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே நிபந்தனையாக்கிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் விடுபட்டவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது.

மொத்தத்தில், ஆல்ட்ரிச்சின் நூல் படிக்கத் தகுந்தது. எண்களோடு பேசுகிறது, தனக்கு ஒவ்வாத உண்மையையும் சொல்கிறது. அதன் தமிழ்நாட்டு அதிகாரமாவது தமிழ்வழி மாணவர் கைக்குச் சுருக்கமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் அது முடியும் இடத்தில் நம் வேலை தொடங்குகிறது. இருக்கும் உறவை அளக்க அந்நூல் கற்றுத்தருகிறது. இல்லாத உறவை உண்டாக்குவதற்கு ஒரு பாத்திரமும், கரும்பலகையும், நாள் தவறாமல் எழுதும் ஒரு கையும் தேவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் உங்கள் தெருவில் பலகை ஒன்று மாட்டப்படுமா?